மூன்றாம் டேங்கில் காற்று

ஜனவரி 12, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த இரண்டு வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போய்விட்டது. நாம் பேசி ஒன்றேகால் வருடம் ஆகிறது. நீ இதைக் கிழித்துப் போட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழிப்பதற்கு முன் மிச்சத்தைப் படி. இதில் உறவு, ஒப்பாரி ஒன்றும் இல்லை. பூஞ்சைதான் இருக்கிறது. உனக்கு மனுஷர்களைவிட அதுதானே பிடிக்கும்.

நீ வேலையை விட்டுப் போன பிறகு ஃபேக்டரியில் மூன்றாவது டேங்க் ஒன்று வைத்தார்கள். பத்தாயிரம் லிட்டர். பொறுப்பு என் தலையில். பழச்சாற்றைத் தெளிய வைக்கிற அதே என்சைம்தான், அதைச் சுரக்கிற அதே பூஞ்சைதான், நீ குடுவையில் வளர்த்துக் கொடுத்த அதே வம்சம். சின்ன டேங்கில் சமர்த்தாக இருந்த பிள்ளை பெரிய டேங்குக்குப் போனதும் கெட்டுப்போய்விட்டது. முப்பதாவது மணி நேரத்தில் ஆக்ஸிஜன் முள் பூஜ்யத்தில் படுத்துவிடுகிறது. காற்றை எவ்வளவு திறந்துவிட்டாலும் எழுந்திருப்பதில்லை. உள்ளே இருப்பது போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி கெட்டிப்படுகிறது. என்சைம் பாதிக்குப் பாதிதான் வருகிறது.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கலக்கியை வேகமா சுத்த விடுய்யா, இதுகூடத் தெரியாதா?" என்றார். விட்டேன். பூஞ்சை மிக்ஸியில் அடித்த மாதிரி துண்டு துண்டாகப் போனதுதான் மிச்சம். அடுத்த தடவை பாதியும் வரவில்லை.

மார்ச் முடிவதற்குள் இது சரியாகவில்லை என்றால் இந்தப் பிரிவை மூடிவிடுவார்களாம். பதினோரு பேர். நான் ஒருவன், டேங்க் கழுவுகிற நம் வாத்து ஒருவன். அந்தப் பட்டப்பெயரை வாங்கித் தந்த நடை இன்னும் மாறவில்லை, வராண்டா கோடியில் வரும்போதே தெரிந்துவிடும். "மேடம் எப்ப சார் திரும்பி வருவாங்க?" என்று மாதம் ஒரு தடவை கேட்கிறான்.

வீட்டில் போன் இல்லை, ஃபேக்டரி போன் மேனேஜர் மேசையில் இருக்கிறது. அதனால் எழுத்துதான் வழி. எனக்காக இல்லாவிட்டாலும் எழுது.

தம்பி

*

ஜனவரி 21, 1994

தம்பிக்கு,

உன் கடிதம் ஐந்து நாள் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த விசாரணை அறை ஞாபகம் வருகிறது. வேண்டுமென்றேதான் போட்டு வைத்தேன், மறைக்கவில்லை.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அன்று இரண்டாம் டேங்குக்குள் இருந்து வாத்து மேலே வரும்போது தள்ளாடினான். காரணமே இல்லாமல் சிரித்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே மூச்சுக்குக் காற்று போதவில்லை, அளந்து பார்க்காமல் யாரையும் இறக்கக்கூடாது என்று நான் புகார் கொடுத்தேன். விசாரணைக்கு வந்தவர் உன்னைக் கேட்டார். என் கூடப்பிறந்தவன் நீ எழுந்து நின்று, "அவன் குடிச்சிருந்தான் சார்" என்றாய். சொட்டு வாயில் படாத மனுஷனைப் பார்த்து! அவன் தலையைக் குனிந்துகொண்டான். நீ வேலை போய்விடும் என்று பயந்து சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

சரி, பூஞ்சைக்கு வருகிறேன். அது என்ன பாவம் செய்தது.

அதுவும் நம்மை மாதிரி மூச்சு விடுகிற ஜீவன்தான். முதல் நாளே எல்லாச் சர்க்கரையையும் கொட்டினால் பேராசையாக வளரும். இழையோடு இழை பின்னிச் சிக்காகும், டேங்க் கெட்டிப்படும். கெட்டியான பிறகு நீ விடுகிற காற்று கரையாமல் குமிழியாகவே மேலே ஓடிவிடும். ஒவ்வொரு உருண்டைக்கும் நடுவே இருக்கிற இழைகள் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கும். கலக்கியை வேகமாக விட்டால் உயிரோடு இருப்பதும் அறுந்துபோகும். மேனேஜரிடம் சொல்லாதே, சொன்னால் இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்வார்.

பாதிச் சர்க்கரையோடு ஆரம்பி. மீதியை இருபத்துநாலாவது மணியில் இருந்து சொட்டுச் சொட்டாகக் கொடு. கலக்கி மெதுவாகச் சுற்றட்டும்.

இன்னொன்று. நான் குடுவையில் பார்த்தது, உனக்கு அப்போது சொல்லவில்லை. வயிறார ஆக்ஸிஜன் கிடைக்கிற பூஞ்சை தன் உடம்பை வளர்க்கிறது. கொஞ்சம் திணறுகிற பூஞ்சைதான் நம் என்சைமை நிறையச் சுரக்கிறது. அதனால் முதல் நாள் நன்றாக மூச்சு விட விடு. வளர்ந்து முடிந்ததும் ஆக்ஸிஜனைக் குறை. முள் நூற்றுக்கு இருபதில் நிற்கட்டும். பத்துக்குக் கீழே ஒருநாளும் போகக்கூடாது. அலாரத்தை யாரும் தொடக்கூடாது.

கூலி ஒன்று கேட்கிறேன். வாத்துவிடம் போய் நீ அன்று சொன்னது பொய் என்று சொல். பத்துப் பேர் முன்னால் வேண்டாம், அவனிடம் மட்டும் சொன்னால் போதும்.

அக்கா

*

பிப்ரவரி 7, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ராட்சசி! மூன்று தடவை ஓட்டியாகிவிட்டது. முதல் தடவை பழைய அளவைத் தொட்டது, மூன்றாவது தடவை ஒன்றரை மடங்கு. மேனேஜர் மேலிடத்துக்கு, "நான் கண்டுபிடித்த முறை" என்று எழுதிவிட்டார். எழுதட்டும். பதினோரு பேர் வேலை தப்பித்தது. அன்று வீட்டுக்கு வந்து நான் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

நீ சொன்ன இருபதில்தான் ஆரம்பித்தோம். மேனேஜர் பத்துக்கு இறக்கிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் கூடியது. இப்போது கடைசி எட்டு மணி நேரம் காற்றையே நிறுத்திவிடுகிறோம். காற்றை அடிக்கிற கம்ப்ரசருக்கும் ஓய்வு. அலாரம்தான் ஓயாமல் கத்தி உயிரை வாங்கியது. அதன் வயரைக் கழற்றிவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே, பூஜ்யத்தில் ஓட்டுவதுதான் முறை என்று ஆன பிறகு பூஜ்யம் பூஜ்யம் என்று கத்துகிற மணி எதற்கு?

ஒரே ஒரு தொந்தரவு. கலக்கி மெதுவாகச் சுற்றுவதால் பூஞ்சை சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு விரல் கனம், கம்பளி போர்த்தின மாதிரி. முன்பெல்லாம் மேலே இருந்து வெந்நீர் அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். இப்போது வாத்து உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டியிருக்கிறது. வெளியே வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். வயசு ஆகிறது இல்லையா.

உன் கூலியை இன்னும் கொடுக்கவில்லை. நேற்று அவனை டீ குடிக்கக் கூப்பிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. "என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி நெளியறீங்க?" என்று கேட்டுச் சிரித்தான். அடுத்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 14, 1994

தம்பிக்கு,

சந்தோஷப்படலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தின் இரண்டாம் பாதி விடவில்லை.

பத்துக்குக் கீழே போகாதே என்று எழுதினேன், பூஜ்யத்தில் ஓட்டுகிறாய். அலாரத்தைத் தொடாதே என்றேன், வயரையே கழற்றினாய். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார் உன் மேனேஜர் என்று தெரிந்தும் எழுதினேனே, என் தப்புதான்.

மூன்று கேள்விக்குப் பதில் எழுது. காலி செய்ததும் டேங்குக்குள் நீராவி விடுகிறீர்களா? நான் இருந்தவரை, ஆவி விட்டுப் பூஞ்சையைக் கொன்ற பிறகுதான் மூடியைத் திறப்போம். வாத்து இறங்கும்போது உள்ளே காற்று ஓடுகிறதா? ஆக்ஸிஜனை அளக்கிற அந்தக் கைக்கருவி, நான் வாங்கிவைத்தது, எங்கே இருக்கிறது?

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது வயசால் இல்லை. அது உனக்கும் தெரியும். ஒரு தடவை தெரிந்தே பொய் சொன்னவன், இரண்டாம் தடவை தனக்கே பொய் சொல்லிக்கொள்கிறாய். அவனுக்கு ஏதாவது ஆனால் அதற்கும் "குடிச்சிருந்தான்" என்பாயா?

அக்கா

*

பிப்ரவரி 22, 1994

அக்காவுக்கு,

உன்னிடம் உதவி கேட்டதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு கை சோறு போட்டுவிட்டு ஒன்பது தடவை சொல்லிக்காட்டுகிற குணம் உனக்குப் போகவே போகாது. நான் பொய்யன், கோழை, எல்லாம் சரி. நீ புகாரை எழுதிவிட்டு, விசாரணை முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இங்கே இருந்து அந்த ஆளிடம் தினமும் திட்டு வாங்குகிறவன் நான்.

கேட்டாயே, பதில். ஆவி விடுவதில்லை. ஆவி விட்டால் பூஞ்சை வெந்து சுவரோடு கோந்தாகிவிடுகிறது, சுரண்ட வரமாட்டேன் என்கிறது. காற்று ஓடுவதில்லை, ஓடினால் காய்ந்து பறக்கிறது, வாத்து இருமுகிறான். உன் கைக்கருவி பேட்டரி செத்து அலமாரியில் இருக்கிறது.

நான் வாத்துவைப் பற்றி யோசிக்காதவன் இல்லை. அவன் கஷ்டத்தைக் குறைக்க நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். இதுவரை காலி செய்த கையோடு சுரண்டினான், மணிக்கணக்கில் ஆனது. இந்தத் தடவை மார்ச் நாலு, வெள்ளிக்கிழமை காலி செய்கிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடியை இறுக்கி மூடியே வைக்கப்போகிறேன். ஈரத்திலேயே நைந்து தானாக உரிந்துவிடும். திங்கட்கிழமை காலை அவன் இறங்கினால் பத்து நிமிஷ வேலை. அவனிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டான்.

இனி எழுதாதே. எழுதினாலும் நான் உடனே பிரிப்பேன் என்று நினைக்காதே. உனக்கு மட்டும்தான் ஐந்து நாள் போட்டு வைக்கத் தெரியுமா?

தம்பி

*

பிப்ரவரி 27, 1994

டேய் தம்பி,

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இதைப் படி.

நேற்று உன் கடிதம் கைக்கு வந்ததும் பிரித்தேன். உடனே ஃபேக்டரிக்கு போன் செய்தேன். மேனேஜர் எடுத்தார். மூன்றாம் டேங்கைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்றேன். "வேலைய விட்டுப் போன பிறகும் உங்களுக்கு என்னம்மா அதிகாரம்?" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. தபால் அலுவலகத்தில் தந்தி படிவத்தை வாங்கி, எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். நாலு வார்த்தையில் சொன்னால் அக்கா மறுபடி நாட்டாமை செய்கிறாள் என்று தூக்கிப் போடுவாய். ஏன் என்று புரிந்தால்தான் நீ கேட்பாய். அதனால் விரைவுத் தபால். வியாழக்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள்.

ஆவி விடாததால் சுவரில் ஒட்டியிருப்பது உயிரோடு இருக்கிறது. திரவத்தை வடித்துவிட்டால் டேங்க் காலி என்று நினைக்காதே. அது உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இத்தனை நாளும் காலி செய்த கையோடு வாத்து இறங்கினான், அதனால் தலைவலியோடு போனது. நீ இரண்டு நாள் மூடி வைத்தால் அந்தப் பத்தாயிரம் லிட்டர் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் முழுவதையும் அது தின்று தீர்த்துவிடும். இரண்டு நாள்கூட வேண்டாம், அரை நாள் போதும். பதிலுக்கு அது விடுகிற கரியமில வாயு கனமானது, அடியிலேயே தங்கும். பார்த்தால் தெரியாது, நாறாது. இறங்குகிறவனுக்கு இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சுக்கு அவனுக்கு நினைவு இருக்காது.

மூடி வைக்காதே. முதலில் ஆவி விடு. கோந்தானால் ஆகட்டும், டேங்கை வெட்டி எடுத்தாலும் பரவாயில்லை. கீழே இருந்து காற்று வால்வை ஒரு மணி நேரம் திறந்து வை. கருவிக்கு பேட்டரி போட்டுக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி அளந்து பார். இதையெல்லாம் மீறி யாராவது விழுந்துவிட்டால், தூக்கப் பின்னாலேயே இறங்காதே. ஒருவரைத் தூக்கப் போய் இரண்டு பேர், மூன்று பேர் என்று போவார்கள். நீ இறங்குகிற ஆள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான் பக்கத்தில் இருக்கிறாய்.

இங்கே நான் பாடம் எடுக்கிற கல்லூரியில் பரீட்சை நடக்கிறது, பத்தாம் தேதிக்கு முன்னால் லீவு இல்லை என்கிறார்கள். இல்லாவிட்டால் நானே வந்து மூடியின் மேல் உட்கார்ந்திருப்பேன்.

வாத்துவிடம் மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம். அவனை இறக்காதே, அது போதும்.

அக்கா

*

மார்ச் 12, 1994

அக்கா,

வாத்து போய்விட்டான்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சொன்ன நாளில் சரியாக வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், பிரிக்கவில்லை. நீ ஐந்து நாள் போட்டு வைத்தாய், நானும் ஐந்து நாள் போட்டு வைக்கிறேன், செவ்வாய்க்கிழமை பிரிக்கலாம் என்று கணக்கு வைத்தேன். சட்டை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மூடியைத் திறந்தோம். ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. வாத்து ஏணியில் காலை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிகிறபோது சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், தானா உரியுது! நீங்க படிச்சவருதான், ஒத்துக்கறேன்" என்றான். அப்புறம் இறங்கினான். சுரண்டி ஒரு தடவை சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. அடுத்தது அது கீழே விழுந்த சத்தம்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. டார்ச் அடித்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தான். நான் ஏணியில் காலை வைத்தேன். பின்னால் மேனேஜர், "எறங்குய்யா, பாத்துக்கிட்டே நிக்கறே!" என்று கத்தினார். இரண்டு படி இறங்கினேன், தலை கிறுகிறுத்தது, வெளியே ஏறிவிட்டேன். அது அறிவு இல்லை அக்கா, பயம். காற்று வால்வைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் லீவில் கம்ப்ரசரை நிறுத்தியிருந்தோம். அதை ஓட்டிக் காற்று வருவதற்கு ஆறு நிமிஷம். கயிற்றில் கொக்கி கட்டி அவன் இடுப்பு வாரில் மாட்டி இழுத்தோம். உதடு நீலம். அன்று பார்த்த அதே நீலம். அன்றும் நான் நன்றாகத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். பின்னாலேயே இறங்காதே என்று எழுதியிருந்தாய். அது ஒன்றை மட்டும் படிக்காமலே செய்திருக்கிறேன். அவன் மனைவி வந்து, "நீங்க கூடத்தானே சார் இருந்தீங்க?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டதற்குத் தலையை ஆட்டினேன்.

இப்போது என் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. மேனேஜர் டைப் அடித்துக் கொடுத்தது. வாத்து குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், சொல்லாமல் தானாக இறங்கினான் என்று அதில் இருக்கிறது. கீழே என் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. "ஒரு தடவ சொன்னதுதானேய்யா, இன்னொரு தடவ சொல்றதுக்கு என்ன?" என்றார். பழைய விசாரணைப் பேப்பரையும் எடுத்து வைத்திருக்கிறார். அதில் நான் சொன்ன வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறது. முன்பே குடித்தவன், இப்போதும் குடித்தான். அப்படி எழுதிவிட்டால் அவளுக்கு ஒரு காசு வராது.

கையெழுத்துப் போடாவிட்டால், இரண்டு நாள் மூடி வைக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள். நான்தான். உன் கடிதத்தைக் காட்டினால், எப்போது பிரித்தாய் என்று கேட்பார்கள். அதோடு உன் முதல் கடிதத்தையும் காட்ட வேண்டியிருக்கும். ஆக்ஸிஜனைக் குறை என்று நீ எழுதியது அதில் இருக்கிறது. பத்துக்குக் கீழே போகாதே என்று அடுத்த வரி இருந்தாலும் யார் படிப்பார்கள்? உன்னையும் இழுப்பார்கள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ தந்தி அடித்திருந்தால் படித்திருப்பேன் அக்கா. தந்தியை யாராலும் ஐந்து நாள் பையில் வைத்திருக்க முடியாது.

பேனா பக்கத்தில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

தம்பி

*

தந்தி
மார்ச் 16, 1994

கையெழுத்துப் போடாதே. எல்லாக் கடிதமும் கொடு. என் முதல் கடிதமும் கொடு. கிளம்பிவிட்டேன். அக்கா.